எழுதுகோல் யார் கையில்? இந்தோனேசியத் திருநங்கையரின் வாழ்க்கை நூல்கள்

இந்தோனேசியத் திருநங்கையரின் வாழ்க்கை எழுத்தைப் படிக்க முனைபவர் 2005ஆம் ஆண்டை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஓர் ஆண்டில் மூன்று தன்வரலாறுகள் அச்சேறின. ஒன்று, நாடறிந்த மேடைக் கலைஞர் டோர்ச்சே கமலாமாவின் 'நான் பெண்'. இன்னொன்று, கிழக்கு ஜாவாவின் மலாங் நகரில் வாழ்ந்து செயல்பட்ட மெர்லின் சொப்ஜானின் 'என் பாலுறுப்பைப் பார்க்காதே'. மூன்றாவது, ஷுனிய்யா ருஹாமா ஹபீபல்லாவின் நாட்குறிப்பு, 'என் முக்காட்டைக் களையாதே'. பின்னிரண்டையும் வெளியிட்டது யோக்யகர்த்தாவின் காலாங் பிரஸ். புகழ், போராட்டம், பக்தி என்று மூன்று வேறு வழிகளில் வந்த குரல்கள் இவை. பிற்பாடு எழுந்த எழுத்துகளையும் படங்களையும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றோடு சேர்த்துப் பார்க்க முடிகிறது.

அதற்கு முன்னால் திருநங்கையரின் கதை எழுதப்படவே இல்லை என்பதில்லை. எழுதியவர்கள் வேறு ஆட்கள். 1973இல் விவியன் ருபியாந்தி இஸ்கந்தர் என்பவரைப் பெண்ணென்று ஜகார்த்தா நீதிமன்றம் ஏற்றது. வழக்கை நடத்தியவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் அட்னான் புயுங் நசுத்தியோன். பத்திரிகைகள் நாள்தோறும் எழுதித் தீர்த்தன. 1977இல் 'நானே விவியன்' என்று திரைப்படமும் வந்தது. தலைப்பில் தன்மை ஒருமை இருந்தாலும், அந்தக் கதை வழக்குக் கட்டுகளிலிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும் பிறந்ததுதான். 1986இல் கெமாலா ஆத்மோஜோ 'நாங்கள் ஆண்களல்லர்' என்ற நூலில் ஜகார்த்தா திருநங்கையரின் அன்றாடத்தைச் சித்திரித்தார். 2004இல் கூஸ்வினார்னோ யோக்யகர்த்தாவில் களப்பணி செய்து 'வாரியாவாக வாழ்தல்' எழுதினார். வாரியா என்பது அங்கே திருநங்கையருக்கு 1970களின் இறுதியிலிருந்து நிலைத்த பெயர். இளைய தலைமுறை இப்போது டிரான்ஸ்புவான் என்கிறது.

பிறர் எழுதிய இந்த முதல் மரபை நான் குறைத்துப் பேசமாட்டேன். அழகு நிலையத்து நாற்காலி, இரவு நேரத்துத் தெருமுனை, கைவாத்தியத்தோடு கடை கடையாகப் பாடிக் காசு வாங்கும் பிழைப்பு, போலீஸ் வேட்டை எல்லாம் இவர்கள் மூலம்தான் முதலில் தாளில் பதிவாயின. ஆனால் இந்நூல்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: இவர்கள் ஏன் இப்படி ஆனார்கள்? காரணம் தேடும் எழுத்துக்குக் குழந்தைப் பருவத்தின் மீதும் உடம்பின் மீதும்தான் கண். ஐம்பது வயதில் அந்தப் பெண் என்ன சமைத்தாள், யாருக்குப் பணம் அனுப்பினாள் என்பதெல்லாம் அதற்கு ஓரக் குறிப்பு.

திருநங்கையரே எழுத வழி திறந்தது அரசியல் மாற்றம். 1998 மே மாதம் சுகர்த்தோ ஆட்சி விழுந்தது. 1999இன் பத்திரிகைச் சட்டம் உரிமம் வாங்கும் கட்டாயத்தை எடுத்துவிட்டது. யோக்யகர்த்தாவில் சின்னச் சின்னப் பதிப்பகங்கள் தோன்றி, முன்பு யாரும் துணியாத நூல்களைத் துணிந்து போட்டன. கூடவே இன்னொரு காரணமும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. எச்.ஐ.வி. தடுப்புப் பணி வாரியாக்களின் சங்கங்களுக்குச் சம்பளம் உள்ள வேலையைக் கொண்டுவந்தது. கூட்டத்தில் எழுந்து தன் வாழ்க்கையைச் சொல்ல, அறிக்கை எழுத, அதிகாரியிடம் வாதாட அது ஒரு பயிற்சிக்களமானது. தன்வரலாற்றுக்குத் தேவையான நாவும் துணிவும் பலருக்கு அங்கேதான் கூடிவந்தன.

டோர்ச்சேயின் நூல் புகழ் பெற்றவரின் தன்வரலாறு. 1963இல் மேற்குச் சுமத்ராவின் சொலோக்கில் பிறந்தவர். தாயும் தந்தையும் கைக்குழந்தைப் பருவத்திலேயே போய்விட, பாட்டி வளர்த்தார். பள்ளி நாளிலேயே பாட்டுக் குழுவில் சேர்ந்தார். 'டோர்ச்சே' என்ற பெயரைச் சூட்டியவர் ஃபண்டாஸ்டிக் டால்ஸ் என்ற வாரியா ஆட்டக்குழுவின் தலைவி மிர்னா. சுரபாயாவில் அறுவைச் சிகிச்சை, திரைப்படங்கள், 2005 முதல் 2009 வரை தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி, ஹஜ் பயணம், அநாதைக் குழந்தைகளுக்கு இல்லம் என்று போகிறது வாழ்க்கை. இத்தகைய நூலுக்கு ஓர் இலக்கணம் உண்டு: துயரம், உழைப்பு, இறையருள், வெற்றி. வாசகர் அழுது, பிறகு கைதட்ட வேண்டும். வெற்றி பெற்றவருக்கே மரியாதை என்ற ஒரு நிபந்தனை அதற்குள் மறைந்திருப்பது எனக்கு உறுத்துகிறது. தோற்றுப்போன வாரியாவுக்கு அந்த இலக்கணத்தில் இடம் எங்கே?

ஆனாலும் டோர்ச்சேயைப் பணக்காரப் பிரபலம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 பிப்ரவரியில் கொரோனா தொற்றில் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், தன்னைப் பெண்ணாகவே அடக்கம் செய்ய வேண்டும் என்று அவர் சொன்னார். அது நாடெங்கும் விவாதமாயிற்று. மார்க்க அறிஞர்கள் மறுப்புச் சொன்னார்கள். பல்லாண்டுகள் ஒரு நாட்டையே சிரிக்க வைத்தவருக்குச் சாவுச் சடங்கில்கூடத் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை இல்லை. புத்தகத்துக்கு 'நான் பெண்' என்று ஏன் பெயரிட்டார் என்பது அந்த வாரங்களில் பலருக்கும் புரிந்திருக்கும்.

மெர்லினின் நூல் வேறு வகை. மலாங் வாரியா சங்கத்தின் தலைவி, எச்.ஐ.வி. பணியாளர், அரசியலில் வேட்பாளராக இறங்க முயன்றவர், 2006இல் வாரியா அழகியாக முடிசூடியவர். தலைப்பிலேயே வாசகரை அதட்டுகிறார். உடம்பைப் பற்றிய ஆவலோடு புத்தகத்தைக் கையில் எடுப்பவர் அட்டையிலேயே வெட்கப்பட நேர்கிறது. அவர் அனுதாபம் கேட்கவில்லை. கல்வி, வேலை, வாக்கு, மருத்துவம் ஆகியவற்றைக் குடிமகளாகக் கேட்கிறார். 2006இல் வந்த அடுத்த நூலிலும் அதே துணிச்சல். செயற்பாட்டாளர் எழுத்தில் மேடைப்பேச்சின் வாடை வருவதுண்டு. 'நான்' என்று தொடங்கும் வாக்கியம் நடுவழியில் 'நாங்கள்' என்று மாறிவிடும். இலக்கிய நயம் தேடுவோர் இதைக் குறை என்பார்கள். எனக்கு இது அந்த வகைக்கே உரிய நேர்மையாகப் படுகிறது: ஊரை விட்டு ஓடிவந்தவருக்குச் சோறு போட்டு, தொழில் கற்றுக்கொடுத்து, பெயர் வைத்ததெல்லாம் மூத்த வாரியாக்கள். தனியொருத்தியின் கதையாக அதை எப்படிப் பிரித்து எழுதுவது?

மூன்றில் எனக்கு மிக நெருக்கமானது ஷுனிய்யாவின் வழி. கஜா மாடா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவர், முக்காடு அணியும் முஸ்லிம். வெளிநாட்டு வாசகர்கள் இஸ்லாத்தை இந்தக் கதைகளில் சிறைச்சாலையாக மட்டுமே எதிர்பார்க்கிறார்கள். ஷுனிய்யாவின் தலைப்பே அந்த எதிர்பார்ப்பைக் கலைக்கிறது. முக்காட்டை அவர் விலங்காக அல்ல, தனக்குரிய உடையாகக் காக்கிறார். நாட்குறிப்பு வடிவம் இதற்குப் பொருத்தம். அதில் அன்றைய நாளின் தொழுகையும் அன்றைய அவமானமும் அடுத்தடுத்து நிற்கும். இரண்டையும் ஒரு முடிவுக்குள் அடக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தக் குரலுக்கு ஒரு வீடும் கிடைத்தது. 2008இல் முடிதிருத்தும் கலைஞர் மர்யானி யோக்யகர்த்தாவில் அல் ஃபத்தா என்ற வாரியா பெசந்திரேனைத் தொடங்கினார். பெசந்திரேன் என்றால் தங்கிப் படிக்கும் மார்க்கப் பள்ளி. 2014இல் அவர் மறைந்த பிறகு ஷிந்தா ராத்ரி கொத்தகெடேயில் உள்ள தம் வீட்டிலேயே அதை நடத்தினார். 2016இல் ஓர் அமைப்பின் மிரட்டலால் அது மூடப்பட்டது. பின் மெல்ல மீண்டும் உயிர்பெற்றது. 2019இல் சர்வதேச மனித உரிமை விருது பெற்ற ஷிந்தா 2023 பிப்ரவரியில் காலமானார். தொழுகையில் ஆண்கள் வரிசையா, பெண்கள் வரிசையா என்று தயங்கி நின்றவர்கள் அங்கே தத்தமக்குத் தோன்றிய உடையில் தொழுதார்கள். இந்த வழிபாட்டு வாழ்க்கையைச் சொல்லாத எந்த வாழ்க்கை நூலும் எனக்கு அரைகுறைதான்.

புனைவையும் படத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெப்பி அல்பைகுனியின் 'சலாபாய்' (2016) தெற்குச் சுலவேசியின் புவாங் மத்தோவா சைதியின் வாழ்க்கையைத் தழுவிய நாவல். சைதி புகிஸ் மக்களின் பிசுக்களில் ஒருவர்; இயக்குநர் ராபர்ட் வில்சனின் 'இ லா கலிகோ' அரங்க நிகழ்வில் உலக மேடைகளில் தோன்றியவர்; 2011இல் மறைந்தார். பிசு என்பது பூசாரி மரபு. அதை வாரியா என்ற நகர வாழ்க்கையோடு ஒன்றாகக் கலந்து, 'அன்றே எங்களை மதித்தார்கள்' என்று எழுதுவது சுலபம். நல்ல வரலாற்றாசிரியர் அந்தச் சுலபத்துக்கு இடங்கொடுக்க மாட்டார். ஆவணப்படங்களில் டோனி த்ரிமார்சன்தோவின் பணி தனித்து நிற்கிறது. ஆச்சே மாநிலத் திருநங்கையர் பற்றிய அவரது 'இமை முடி' 2017இல் இந்தோனேசியத் திரைவிழாவின் சிறந்த ஆவணப்பட விருதைப் பெற்றது. அதற்கடுத்த மாதங்களிலேயே, 2018 ஜனவரியில், வட ஆச்சே போலீஸ் அழகு நிலையங்களில் புகுந்து திருநங்கையரைப் பிடித்து முடியை வெட்டியது. அந்த முகங்களை முன்பே பொறுமையோடு பதிந்துவைத்த படம் என்பதால் அதன் மதிப்பு இன்று கூடியிருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு இடைவெளி எங்கே இருக்கிறது என்றால், முதுமையிலும் கிழக்குத் தீவுகளிலும். பாப்புவாவிலிருந்து ஜகார்த்தா வந்து, தெருவில் பிழைத்து, நடுவயதில் சட்டப் பட்டம் பெற்று, முதிய வாரியாக்களுக்குத் தம் வீட்டையே இல்லமாக்கிய யூலியானுஸ் ரெத்தோப்லவுத்தின் வாழ்க்கை பெரும்பாலும் பேட்டிகளாகவே சிதறிக் கிடக்கிறது. ஃபுளோரஸ் தீவில் 2020இல் கிராம ஆலோசனை மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹென்ட்ரிகா மயோராவுக்கும் அதே நிலைதான். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், எழுத நேரமில்லாதவர்கள், இரவில் வேலை பார்த்துப் பகலில் தூங்குகிறவர்கள், இவர்களிடம் புத்தகம் கேட்பது நியாயமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, எழுதி, எழுதியதை அவர்களுக்கே வாசித்துக்காட்டி, வேண்டாம் என்பதை நீக்கி வெளியிடும் எழுத்து வேண்டும். பெயரைப் போடுவதா மறைப்பதா என்று சொல்லும் உரிமையும் அவர்களிடமே இருக்க வேண்டும். வாய்மொழி வரலாறு என்ற இந்த வழிக்கு இப்போது இணையத்தில் இயங்கும் குவிர் இந்தோனேசியா ஆவணக்காப்பகம் போன்ற முயற்சிகள் துணை நிற்கின்றன. பழைய புகைப்படங்களும் சங்க இதழ்களும் அங்கே சேர்கின்றன.

ஒரு வாரியாவின் வாழ்க்கை நூலை எடைபோட நான் மூன்று இடங்களைப் புரட்டுவேன். வேலை பற்றிய பக்கங்களில் எத்தனை ரூபியா, எத்தனை மணி நேரம் என்று இருக்கிறதா? வீட்டுக்குத் திரும்பிப் போன காட்சியில் அம்மாவுக்கும் பேச இடம் இருக்கிறதா? அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் கதை நீள்கிறதா? உடம்பு மாறியதோடு முடியும் நூல் வாசகரின் ஆவலுக்காக எழுதப்பட்டது. மெர்லினும் ஷுனிய்யாவும் இந்தச் சோதனையில் தேறுகிறார்கள். டோர்ச்சேயின் நூல் புகழின் பளபளப்பில் சில இடங்களில் தடுமாறினாலும், பாட்டியின் நினைவில் நிமிர்கிறது.

தமிழ்ப் பதிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தோனேசிய மொழியிலிருந்து நேரடியாக, ஆங்கிலத்தின் வழியே சுற்றி வராமல், இம்மூன்றில் ஒன்றையாவது தமிழில் கொண்டுவாருங்கள். முதலில் எதை என்று கேட்டால், ஷுனிய்யாவின் நாட்குறிப்பை என்பேன்.