கன்றுக்கால் ஜெல்லி

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பக்கத்து வீட்டில் ஒருவர் நோயுற்றால், பெண்கள் மூடிய கிண்ணத்தில் எடுத்துச் சென்ற பண்டங்களுள் கன்றுக்கால் ஜெல்லி முக்கியமானது. கன்றின் கால்களைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து, எலும்பிலும் தசைநாரிலும் உள்ள பசைப்பொருளை நீரில் இறங்கச் செய்து, ஆறியபின் மேலே படியும் கொழுப்பை நீக்கி, சர்க்கரை, எலுமிச்சை, ஒயின், முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றுடன் மீண்டும் காய்ச்சுவர். வெள்ளைக்கரு உறையும்போது கலங்கலைத் தன்னோடு இழுத்துக்கொள்வதால், கம்பளித்துணிப் பையின் வழியே பிழியாமல் சொட்டவிட்ட சாறு கண்ணாடிபோல் தெளிந்து வரும். பொறுமையிழந்து பையை அழுத்தினால் அது மீண்டும் கலங்கிவிடும். 1861இல் நூலாக வந்த இசபெல்லா பீட்டனின் இல்லப் பராமரிப்புக் கையேட்டிலும் இதன் செய்முறை உண்டு.

செவிலியத்தைச் சீரமைத்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலோ, ஜெல்லியில் சத்து குறைவென்று கண்டித்தார். உணவியல் நோக்கில் அவர் கூற்று சரியே, ஆயினும் கொண்டுசென்றவள் கட்டிலருகே அமர்ந்த நேரம் அக்கணக்கில் சேராது. இத்தகைய அன்பளிப்பு உறவின் அளவுகோலாகவும் இருந்தது. 1815இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலில், நாயகி அனுப்பும் உயர்ரக ஆரோரூட் மாவை, அதாவது நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சும் கிழங்கு மாவை, உடல் நலிந்த ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் திருப்பி அனுப்பிவிடுகிறாள். மாவின் தரத்தில் எக்குறையும் இல்லை.