ஹெம்ப் சோப்பு: இரண்டு கால்களில் ஆறு வாரம்

மார்கழிக் காற்று வீச ஆரம்பித்தால் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் சாம்பல் பூத்துவிடும். நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும். இரவில் அரிப்பு தாங்காமல் தூக்கத்திலேயே சொறிந்துகொள்வார்; காலையில் போர்வையில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் இருக்கும். எழுபதைத் தாண்டிய தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறைந்துபோகிறது. எனக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை என்றாலும் அதே தோல்தான் வாய்த்திருக்கிறது. அதனால்தான் ‘வறண்ட சருமத்துக்கு ஹெம்ப் சோப்பு’ என்று எங்கு பார்த்தாலும் சொல்கிறார்களே, வாங்கி முறையாகச் சோதித்துவிடுவோம் என்று இறங்கினேன். அம்மாவுக்குக் கொடுப்பதற்கு முன்னால் என் கால்கள்.

இரண்டு வகை வாங்கினேன். முதலாவது, கையால் செய்த கட்டி. 100 கிராம், 260 ரூபாய். காய்ந்த வேப்பிலை நிறம், வாசனை எதுவும் சேர்க்காதது. தேங்காய், ஆலிவ், ஆமணக்கு எண்ணெய்களோடு ஹெம்ப் விதை எண்ணெய் 15 சதவீதம் என்று உறையிலேயே போட்டிருந்தது. இரண்டாவது, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பச்சைக் கட்டி, 180 ரூபாய். இதன் உட்பொருள் பட்டியலில் ஹெம்ப் எண்ணெய் வாசனைத் திரவியத்துக்கும் பின்னால், கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தது. அளவின் இறங்குவரிசையில்தான் பட்டியல் எழுதுவார்கள். எனவே அது பெயருக்குச் சேர்த்த துளி. ஒரு வாரம் கைக்குப் போட்டுப் பார்த்தேன், கழுவியதும் தோல் இழுத்துப் பிடித்தது. அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

முதல் கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்த அம்மா கேட்ட கேள்வி: “ஏங் கண்ணு, இது கஞ்சாச் செடியாமா? ஒடம்புக்குப் போடலாமா?”

நியாயமான கேள்வி. ஹெம்ப் என்றதும் அகராதியைப் பார்த்து ‘சணல்’ என்று எழுதிவிடுகிறார்கள். சணல் என்றால் நமக்குச் சாக்குப்பை நெய்யும் நார்ச்செடி. வயலில் பசுந்தாள் உரத்துக்கு விதைத்து மடக்கி உழும் சணப்பை இன்னொரு செடி. ஆங்கிலத்தில் அதற்கும் ஹெம்ப் என்று முடியும் பெயர் உண்டு. சோப்பில் இருப்பது இவை எதுவும் இல்லை. அம்மா சொன்னதுதான் சரி, இது கஞ்சாச் செடியின் இனமேதான், போதைப்பொருள் மிகக் குறைவாக உள்ள ரகம். ஆனால் போதை தரும் பிசின் பூவிலும் அதைச் சுற்றிய சிற்றிலைகளிலும் ஊறுவது. விதைக்குள் அது கிடையாது. விதையின் மேல் ஒட்டிக்கொண்டு வரும் தடயம் மட்டும் உண்டு. நம் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டமும் கஞ்சா என்பதற்குப் பூக்கும், காய்க்கும் நுனிகளைத்தான் சொல்கிறது. தனியாக இருக்கும் விதையையும் இலையையும் அதில் சேர்க்கவில்லை. உத்தரகாண்ட் மலைக்கிராமங்களில் இந்த விதையை வறுத்து அரைத்துச் சட்னியே செய்கிறார்கள். தொழிலுக்காக இதைப் பயிரிட 2018-இல் முதலில் உரிமம் கொடுத்ததும் அந்த மாநிலம்தான். 2021 நவம்பரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக ஏற்று அளவுகோல் வகுத்தது. இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னதும் அம்மா, “அப்பச் சரி” என்று கட்டியை முகர்ந்து பார்த்தார். ஈர வைக்கோல் வாடை என்றார். சரியாகச் சொன்னார்.

இனி சோதனை. உடம்பு முழுக்க ஹெம்ப் கட்டி, வலது காலுக்கு மட்டும் வீட்டில் வழக்கமாக வாங்கும் குளியல் சோப்பு. வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு எண்ணெயோ கிரீமோ எதுவும் கிடையாது. கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, ஒரு சங்கடம் உண்டு: ஒரு குழாயில் சிறுவாணி ஆற்று நல்ல தண்ணீர், இன்னொரு குழாயில் போர்வெல் உப்புத் தண்ணீர். முதல் மூன்று வாரம் சிறுவாணியில், நான்காவது வாரம் உப்புத் தண்ணீரில்.

சிறுவாணித் தண்ணீரில் நுரை பெரிதாகப் பொங்கவில்லை. பாலாடை மாதிரி அடர்த்தியாக, வழுவழுப்பாக வந்தது. ஹெம்ப் எண்ணெயின் குணமே அதுதான். குமிழி நுரை தருவது தேங்காய் எண்ணெய், அதைக் கலையாமல் பிடித்து வைப்பது ஆமணக்கு. கழுவியபின் தோல் கிறீச்சிடவில்லை. பத்தாவது நாளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது: வலது காலில் வழக்கமான வெள்ளைச் செதில், இடது காலில் ஏறக்குறைய இல்லை. உண்மையிலேயே மகிழ்ந்துபோனேன்.

உப்புத் தண்ணீருக்கு மாறியதும் பாதி மகிழ்ச்சி போயிற்று. அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியம், சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடுகிறது. வாளி விளிம்பில் ஒட்டும் அதே வெள்ளைப் பிசுக்குதான் தோலிலும் ஒட்டுகிறது. ஐந்தே நாளில் இடது காலும் மங்கிவிட்டது. போர்வெல் தண்ணீரில் குளிப்பவர்கள் எந்தச் சோப்பு வாங்கினாலும், கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்வது பெரிய உதவி.

ஆனால் இந்தச் சோதனையில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி இரண்டு வாரம்தான். இடது கால் நன்றாக இருந்ததற்கு ஹெம்ப் காரணமா, கட்டி செய்த விதம் காரணமா? அந்தக் கட்டியைச் செய்தவர்களே ஹெம்ப் சேர்க்காமல் தேங்காய், ஆலிவ், ஆமணக்கு எண்ணெயில் மட்டும் செய்யும் கட்டி 160 ரூபாய்க்குக் கிடைத்தது. சிறுவாணிக்குத் திரும்பி, இடது காலுக்கு ஹெம்ப், வலது காலுக்கு இது என்று இரண்டு வாரம் போட்டேன். பிறகு எது எந்தக் கால் என்று சொல்லாமல் தங்கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்று நாள் மாலையும் தடவிப் பார்த்து, மூன்று விதமாகச் சொன்னாள். எனக்கே தெரியவில்லை.

ஏன் என்பதற்குச் சோப்புத் தயாரிப்பிலேயே பதில் இருக்கிறது. ஹெம்ப் விதை எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலியிக் அமிலம். ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் கணிசமாக உண்டு. பல எண்ணெய்களில் இல்லாத காமா லினோலெனிக் அமிலமும் கொஞ்சம் உண்டு. தோலின் ஈரம் காக்கும் அரணுக்கு லினோலியிக் அமிலம் தேவை என்பது உண்மை. ஆனால் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சேர்த்ததும் எண்ணெய் எண்ணெயாக இருப்பதில்லை. சோப்பாகவும் கிளிசரினாகவும் பிரிந்துவிடுகிறது. கைத்தயாரிப்பில் காரத்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டு, வழக்கமாக 5 சதவீத எண்ணெயை மாறாமல் விடுவார்கள். கணக்குப் போடுங்கள்: 100 கிராம் கட்டிக்குச் சுமார் 80 கிராம் எண்ணெய், அதில் 15 சதவீதம் ஹெம்ப் என்றால் 12 கிராம், அதில் மாறாமல் நிற்பது 0.6 கிராம். எனக்கு ஒரு கட்டி 24 குளியலுக்கு வந்தது. குளியலுக்கு ஒரு சொட்டு. அதையும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறோம்.

தோலுக்கு இதம் தந்தது மாறாமல் நின்ற அந்த 5 சதவீத எண்ணெய் மொத்தமும், பிரித்தெடுக்காமல் கட்டியிலேயே விட்ட கிளிசரினும். இவை ஹெம்ப் சேர்க்காத கட்டியிலும் அப்படியே இருக்கின்றன.

விளம்பரங்களில் ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று வருவதைப் பற்றியும் சொல்லவேண்டும். ஃபின்லாந்தில் தோல் அழற்சி உள்ளவர்களிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வறட்சியும் அரிப்பும் குறைந்தன என்றுதான் அது சொல்கிறது. ஆனால் அவர்கள் எண்ணெயைத் தினம் 30 மில்லி உணவாக உட்கொண்டார்கள். உடம்பில் தேய்த்துக் கழுவவில்லை. ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றை விற்பது, அரிப்பில் தூங்காமல் கிடப்பவர்களுக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன். கஞ்சாச் செடியில் உள்ள சிபிடி என்ற வேதிப்பொருளின் பெயரில் வரும் சோப்புகளுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். விதை எண்ணெயில் அது தடயமளவுக்குத்தான் இருக்கும். தனியாகச் சேர்த்திருந்தாலும் அரை நிமிடத்தில் சாக்கடைக்குப் போய்விடும்.

இன்னும் இரண்டு குறைகள். ஹெம்ப் கட்டி மிருது, தண்ணீர் தேங்கும் டப்பாவில் வைத்தால் இரண்டே நாளில் கூழாகிறது, ஓட்டையுள்ள பலகை அவசியம். ஜன்னலோரம் வைத்திருந்த மூன்றாவது ஹெம்ப் கட்டியில் ஐந்தாம் வாரம் ஆரஞ்சுப் புள்ளிகள் பூத்து, பழைய எண்ணெயின் காறல் வாடை வந்தது. ஹெம்ப் எண்ணெய் சீக்கிரம் கெடும் ஜாதி. மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள், வெயில் படாமல் வையுங்கள்.

நுரையில் பிஹெச் தாளை நனைத்தால் 9-க்கும் 10-க்கும் நடுவில் காட்டியது. எந்த உண்மையான சோப்பும் அப்படித்தான். தோலின் அளவு 5-ஐ ஒட்டியது. வெடிப்பு, புண், கரப்பான் உள்ளவர்கள் இதை மருந்தாக நினைத்து வாங்கவேண்டாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஹெம்ப் எண்ணெய்மேல் ஆசை இருந்தால் எண்ணெயாகவே வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, குளித்த ஈரம் காயும் முன் காலுக்கு மூன்று சொட்டுத் தடவலாம். ஒரு வாரம் தடவினேன், பிசுக்கில்லாமல் இறங்குகிறது. ஆறு வாரச் சோப்பைவிட அது அதிகம் செய்தது. அம்மாவுக்கு அந்த வைக்கோல் வாடை பிடிக்கவில்லை. அவர் 160 ரூபாய்க் கட்டியில் குளித்து, ஈரத்தோடு செக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறார். தை பிறந்து பத்து நாளாகிறது. அவர் போர்வையில் ரத்தப் புள்ளி பார்க்கவில்லை.