பிறப்பு குறைந்தது யாரால்?

தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் சரிந்ததற்குப் பாத்தியதை கொண்டாடப் பலர் இருக்கிறார்கள். பெரியார் அன்றே சொன்னார் என்பார்கள் ஒரு சாரார். எம்.ஜி.ஆரின் சத்துணவுதான் என்பார்கள் இன்னொரு சாரார். பெண் கல்வி என்பது பல்கலைக்கழகத்தாரின் விடை. சுகாதாரத் துறையில் இருந்தவர்களைக் கேட்டால், ஊர் ஊராய் நாங்கள் நடத்திய குடும்பக் கட்டுப்பாடு முகாம்களை மறந்துவிட்டீர்களா என்பார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் ஆண்டுக் கணக்கை எடுத்து வைத்தால் சில காரணங்கள் தேறுவதில்லை.

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுகிறாள் என்பதே கருவள விகிதம். மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இது 1971இல் 3.9. அடுத்த பத்தாண்டில் 3.4க்குத்தான் இறங்கியது. 1991இல் 2.2. மக்கள்தொகை கூடாமலும் குறையாமலும் நிற்கத் தேவையான 2.1ஐக் கிட்டத்தட்ட எட்டிவிட்டது. ஆக, காரணம் என்று எதைச் சொன்னாலும் அது எண்பதுகளின் வேகத்துக்கு விடை தந்தாக வேண்டும்.

சத்துணவை முதலில் எடுத்துக்கொள்வோம். திட்டம் 1982இல் தொடங்கியது. அன்று ஆறு வயதில் தட்டோடு உட்கார்ந்த சிறுமிக்கு இருபது வயதானது 1996இல். சரிவோ அதற்குள் முடிந்துவிட்டது. சோறு தின்று படித்த பெண்கள் குறைவாகப் பெற்றார்கள் என்ற வாதம் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. போதாததற்கு, அரசே சோறு போட்டால் பிள்ளை வளர்க்கும் செலவு குறைகிறது. வெறும் வரவு-செலவுக் கணக்கின்படி பிறப்பு கூடியிருக்க வேண்டும்.

பெண் கல்விக்கும் இதே சிக்கல். எண்பதுகளில் பிள்ளை பெற்றவர்கள் அறுபதுகளில், எழுபதுகளின் தொடக்கத்தில் பள்ளி வயதில் இருந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளியை முழுதாகப் பார்க்காதவர்கள். 1991 கணக்கெடுப்பில்கூடத் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 51 விழுக்காடுதான். கேரளத்தின் 86 விழுக்காட்டோடு ஒப்பிட இயலாத நிலை. ஆந்திரத்தில் அது 33 விழுக்காட்டுக்கும் கீழே. அந்த ஆந்திரமும் அடுத்த பதினைந்து ஆண்டில் கருவள விகிதத்தில் தமிழ்நாட்டுக்குச் சமமாக 1.8க்கு வந்துவிட்டது. படித்த பெண் குறைவாகப் பெறுகிறாள் என்பதில் ஐயமில்லை. படிக்காதவள் ஏன் குறைத்துக்கொண்டாள் என்பதற்கு அந்த வாதம் வாய் திறப்பதில்லை.

செல்வத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தமிழ்நாட்டைவிட வசதியான பஞ்சாபில் 1991இல் விகிதம் 3.1. அங்கும் சரிந்தது உண்மை, ஆனால் பணம் அதை முந்தவைக்கவில்லை.

பெரியாரைப் பற்றிப் பேசும்போது கவனமாகப் பேச வேண்டும். பெண்ணின் உடல்நலத்துக்காகவும் குடும்பச் செலவுக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்ன காலத்தில், பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று 1930களிலேயே எழுதியவர் அவர். சிந்தனை வரலாற்றில் அந்த இடத்தை யாரும் பறிக்க முடியாது. ஆனால் சுயமரியாதை இயக்கம் வேர்விடாத ஆந்திரமும் அதே பாதையில்தான் இறங்கியது. பிறப்பைக் குறைத்தது இயக்கம் என்றால் சரிவு மாநில எல்லையில் நின்றிருக்க வேண்டாமா? குடும்பக் கட்டுப்பாட்டை எதிர்த்து இங்கே எந்தப் பெரிய கட்சியும் அரசியல் செய்யவில்லையே, அந்தச் சூழலுக்கு இயக்கத்தின் பங்கு உண்டு. அதற்கு மேல் கொடுப்பது பக்தி.

அரசின் வாதம் இவற்றைவிடக் கனமானது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி, பின்னர் சென்னை மாநிலத்தில் ஆண்களுக்கான கருத்தடை அறுவைக்கு முனைப்பாக நின்றார். தலைமைச் செயலாளராக இருந்த டி.வி. ஆன்டனியின் பெயர் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தோடு ஒட்டியே இன்றும் நினைக்கப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையமும் வீடு தேடி வந்த நர்சம்மாவும் இல்லாமல் இவ்வளவு வேகம் சாத்தியமில்லை. இருந்தாலும் ஆசை இல்லாத இடத்தில் அரசு தள்ளினால் என்ன ஆகும் என்பதை நெருக்கடிநிலை காட்டிவிட்டது. 1976-77இல் மட்டும் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள். ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனதில் பேர்போன உத்தரப் பிரதேசத்தில் 1991இலும் விகிதம் 5.1. மிச்சமானது பயம்தான். அந்தப் பயத்துக்குப் பிறகு சுமை முழுக்கப் பெண்ணின் வயிற்றின் மேல் விழுந்தது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் ஆயிரத்துக்கு ஒருவர் தேறினால் அதிகம்.

ஆக, வாசலைத் திறந்தது அரசு. உள்ளே வரவேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? இதற்கு நான் ஏற்கும் விடை, மக்கள்தொகை அறிஞர் மாரி பட் போன்றோர் காட்டிய திசையில் இருக்கிறது: தாயின் படிப்பைவிடப் பிள்ளையின் படிப்பு. தான் பள்ளிக்குப் போகாத தாய், தன் பிள்ளை போயே தீரவேண்டும் என்று முடிவெடுத்த நாளில் கணக்கு மாறிவிட்டது. ஆடு மேய்த்து, களை பறித்து வீட்டுக்குக் கொடுத்த பிள்ளை, நோட்டும் சீருடையும் கேட்கும் பிள்ளையானது. நான்கு பேரை அப்படி வளர்க்க முடியாது. முன்வாசலில் திருப்பியனுப்பிய சத்துணவு இந்தப் பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது. பிள்ளையை மாட்டுத் தொழுவத்திலிருந்து வகுப்புக்கு இழுத்ததில் அதற்குப் பங்குண்டு.

பெற்றது நிலைக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டியிருந்தது. ஆயிரம் பிறப்புக்கு 1971இல் 113 சிசுக்கள் இறந்தன, 1981இல் 91, 1991இல் 57. எண்பதுகளின் வேகம் இங்கேயும் தெரிகிறது. பிறப்பு குறைந்ததாலும் சிசு மரணம் குறையும் என்பதால் இதை ஒருவழிக் காரணமாகச் சொல்வது நேர்மையாகாது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்தன.

இந்தக் கணக்கு எப்போதும் நல்லதாகவே நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டோடு நிறுத்த வேண்டும், அதில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும் என்று நினைத்த ஊர்களில் பெண்சிசுக்கள் கொல்லப்பட்டன. உசிலம்பட்டியின் பெயர் அப்படித்தான் நாடறிந்தது. 1991இல் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 850 அளவில்தான் இருந்தார்கள். மறு ஆண்டு, வேண்டாத பெண் குழந்தைகளை அரசிடம் ஒப்படைக்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. தமிழ்நாட்டுச் சாதனை என்று பேசும் கட்டுரைகள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டுவது எனக்கு எரிச்சலூட்டும்.

2020இல் விகிதம் 1.4. இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. மக்கள்தொகையை வைத்துச் செய்யும் தொகுதி மறுவரையறையில் நாடாளுமன்ற இடம் குறையும் என்ற அச்சத்தில் 2024இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மணமக்களிடம் பிள்ளைப்பேறு பற்றிப் பேசினார். ஆந்திரத்தில் இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்ற விதியைச் சந்திரபாபு நாயுடுவின் அரசு 2024இல் நீக்கியது. தொகுதிக் கவலை நியாயமானது. ஆனால் மேலே சொன்ன கணக்கு சரியென்றால், இந்தப் பேச்சால் ஒரு தொட்டிலும் கூடுதலாக ஆடாது. பிள்ளையைப் படிக்கவைக்கும் ஆசை இன்று எல்.கே.ஜி. கட்டணத்தில் தொடங்கிக் கல்லூரிக் கடனில் முடிகிறது. வேலைக்குப் போகும் பெண் பேறுகாலத்துக்குப் பின் வேலையை விடவேண்டியிருக்கிறது. இரண்டையும் தொடாத எந்த வேண்டுகோளும் வீட்டுக்குள் நுழையாது.

சிங்கப்பூர் எழுபதுகளில் இரண்டோடு நிறுத்துங்கள் என்றது, நிறுத்தினார்கள். 1987இல் வசதியிருந்தால் மூன்றும் அதற்கு மேலும் பெறுங்கள் என்று மாற்றிச் சொன்னது. வரிச்சலுகை கொடுத்தது, பின்னர் ரொக்கமும் கொடுத்தது. 2023இல் அங்கே விகிதம் 0.97.