கற்படுக்கையும் உப்பு வணிகனும்

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஏறியவர்களுக்கு அந்தப் படுக்கைகள் தெரிந்திருக்கும். இயற்கையான குகைத்தளத்தில் ஓராள் நீளத்துக்குப் பாறையைச் செதுக்கி வழவழப்பாக்கி, தலைமாட்டில் தலையணைபோலச் சற்றே மேடு விட்டிருப்பார்கள். குகையின் நெற்றியில், மழைத்தண்ணீர் உள்ளே வழியாதபடி நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருக்கும். ஊர்க்காரர்கள் இவற்றைப் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்பார்கள். மாங்குளம், கீழவளவு, திருவாதவூர், அழகர்மலை, அரிட்டாபட்டி என்று மதுரையைச் சுற்றியும், புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலிலும், கரூரை அடுத்த புகளூரிலும் இவை கிடக்கின்றன. வீடு வாசலை விட்டு, பிறவியின் பொருளைத் தேடிப் புறப்பட்டவர்கள் முதுகு சாய்த்த இடங்கள் இவை. துறவைத் தனிமனிதரின் வீரச்செயலாகவே படித்துப் பழகிவிட்டோம். ஆனால் சுகத்தைத் துறந்தவரின் தேடலை ஊரும் சேர்ந்தே சுமந்தது என்பதற்கு இந்தப் பாறைகளே சாட்சி.

அந்தச் சாட்சியம் படுக்கைகளின் அருகிலேயே தமிழ்ப் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். ஐராவதம் மகாதேவன் பல்லாண்டு உழைத்து அவற்றைத் தொகுத்து 2003இல் நூலாக்கினார். அவர் வாசிப்பின்படி, கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மாங்குளம் கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியனின் அலுவலர் ஒருவர் கணி நந்தன் என்ற துறவிக்கு உறைவிடம் அமைத்த செய்தி இருக்கிறது. அதே குன்றில் வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவும் கொடை தந்திருக்கிறது. புகளூரில் படுக்கை வெட்டுவித்தது சேர அரச குடும்பம். இவற்றையெல்லாம்விட என்னை நிறுத்தி வைப்பது அழகர்மலைதான். அங்கே கொடுத்தவர்களில் ஒருவர் உப்பு வணிகர். இன்னொருவர் பாகு விற்றவர். மற்றொருவர் கலப்பைக் கொழு விற்றவர். துணி வணிகரும் பொற்கொல்லரும்கூட உண்டு. ஒரு கடைத்தெருவே மலையேறி வந்து கல்லைச் செதுக்கிக் கொடுத்திருக்கிறது. சித்தன்னவாசல் கல்வெட்டோ எருமைநாட்டில், அதாவது மைசூர்ப் பகுதியில், பிறந்த ஒருவருக்காகச் சோழ பாண்டிய எல்லைப்புறத்து ஊரார் இருக்கை அமைத்ததைச் சொல்கிறது. எங்கிருந்தோ வந்தவரின் தேடலைத் தங்கள் ஊர்க் காரியமாக ஏற்றிருக்கிறார்கள்.

இதற்கு மறுப்பு உண்டு. கல்வெட்டில் இருப்பது கொடையாளியின் பெயர்தானே, துறவியின் ஞானம் அதில் எங்கே என்று கேட்கலாம். குகைகள் வணிகப் பெருவழிகளை ஒட்டியிருப்பதைக் காட்டி, வணிகர்கள் தங்கள் செல்வாக்குக்காகவே கொடுத்தார்கள் என்பாரும் உளர். அங்கே இருந்தவர்கள் பொதுவாகக் கருதப்படுவதுபோலச் சமணர் அல்லர், ஆசீவகர் என்ற வேறொரு துறவு நெறியினர் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். முதல் கேள்வி நியாயமானது. உள்ளத்தின் விழிப்பு எந்தக் கல்லிலும் பதியாது. அதைத் தேடியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் பதியும். செல்வாக்கு வேண்டியவர்களும் கொடுத்திருக்கலாம். ஆனால் ஊர் நடுவே பெயர் பொறிக்க வழியிருந்தவர்கள் ஊரைவிட்டு விலகிய பாறைச் சரிவை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு அந்த ஒரு காரணம் போதாது. சமணரா ஆசீவகரா என்ற வழக்கு எப்படித் தீர்ந்தாலும் என் வாதம் மாறாது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது: இந்த மரபு உடலை வெறுத்தது, வலியையே ஞானமாக எண்ணியது என்பது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு இருக்கிறது. படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஆனால் அந்த நோன்பு வாழ்வின் கடைசிக் கட்டத்துக்கு, முதுமைக்கும் தீரா நோய்க்கும் விதிக்கப்பட்டது. அன்றாடப் பயிற்சியாக அன்று. அன்றாடம் எப்படி இருந்தது என்பதற்கு அந்தத் தலைமாட்டு மேட்டைப் பாருங்கள், நெற்றிக் காடியைப் பாருங்கள். வலிதான் குறிக்கோள் என்றால் தலையணை எதற்கு? மழைக்காலத்தில் நடந்தால் காலடியில் சிற்றுயிர்கள் மடியும் என்பதற்காக, அந்த மாதங்களில் ஓரிடத்தில் தங்குவது சமணத் துறவிகளின் விதி. வசதியைக் குறைத்தது பிற உயிருக்குத் துன்பம் குறைய வேண்டும் என்பதற்காகவும், தமக்கென்று எதையும் சேர்க்காமல் இருப்பதற்காகவும். சிலப்பதிகாரத்துச் சமணத் துறவி கவுந்தியடிகளும் இந்த இயல்பினரே. புகாரை ஒட்டிய தம் பள்ளியிலேயே அமைதியாக இருந்திருக்கலாம். கோவலனையும் கண்ணகியையும் கண்டதும் அவர்களோடு மதுரை வரை நடந்தார். கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். சொந்த நிம்மதியும் ஒரு சுகம்தான். அதையும் துறக்கத் தெரிந்தவர் அவர்.

உழைக்காமல் பிறர் சோற்றில் இருந்தவர்கள் என்ற பழிக்கு நீண்ட பதில் தேவையில்லை. நன்னூல் தந்த பவணந்தியும் சீவகசிந்தாமணி தந்த திருத்தக்கதேவரும் சமண முனிவர்கள்தாம். கழுகுமலைக் கல்வெட்டுகள் குரத்தியர் என்று பெண் ஆசிரியர்களையே பெயர் சொல்லிக் குறிக்கின்றன. ஊர் சோறு கொடுத்தது, அவர்கள் கல்வி கொடுத்தார்கள். இன்று ஆன்மிகத் தேடல் என்றால் விடுமுறை எடுத்து, கட்டணம் கட்டி, தனக்காக மட்டும் போய்வருவது என்றாகிவிட்டது. அதில் கிடைக்கும் அமைதியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேடுபவருக்கும் அவர் விட்டுவந்த ஊருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் அறுந்துபோனால், அந்தத் தேடல் இன்னொரு வசதியாகவே முடியும் என்பது என் முடிவு.

கற்படுக்கைகள் கிடக்கும் இந்தக் குன்றுகளில் பலவற்றை ஒட்டியே கிரானைட் குவாரிகள் வந்தன. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிப் பகுதி, 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சேர்க்கப்பட்டது. சுற்றுவட்டார மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அரிட்டாபட்டிக்குக் கிடைத்த காவல் மற்றக் குன்றுகளுக்கும் கிடைக்க வேண்டும். அங்கே போகிறவர்கள் படுக்கைகளின் மேல் தங்கள் பெயரைக் கிறுக்காமல் வாருங்கள்.