ரோட் ராஷ்: பக்கத்து வண்டிக்காரனோடு ஒரு சண்டை

2000-களின் தொடக்கத்தில் சின்ன காஞ்சிபுரம் மாதிரியான ஊர்களில் பிரவுசிங் சென்டர் என்றால் இணையம் பாதி, கேம் பாதி. பள்ளி விட்டதும் பையன்கள் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்த கணினிகளில் ‘ரோட் ராஷ்’ இல்லாமல் இருக்காது. பெரும்பாலும் திருட்டு நகல்தான். பர்மா பஜாரில் வாங்கிய சிடி, அல்லது அதிலிருந்து எடுத்த இன்னொரு நகல். எந்த விற்பனைக் கணக்கிலும் ஏறாத இந்தக் கூட்டம்தான் அந்த ஆட்டத்துக்கு இங்கே நீண்ட ஆயுளைக் கொடுத்தது. அந்த ஆயுளுக்கு அது தகுதியானதுதானா?

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1991-இல் செகா கருவிக்காக முதல் ஆட்டத்தை வெளியிட்டது. கலிபோர்னியாவின் பொதுச் சாலைகளில், போக்குவரத்துக்கு நடுவே, சட்டவிரோத பைக் பந்தயம். 1994-இல் 3டிஓ கருவிக்காக அதைப் புதிதாகவே செய்து, சவுண்ட்கார்டன் முதலான ராக் குழுக்களின் பாடல்களைச் சேர்த்தார்கள். 1996-இல் அது விண்டோஸுக்கு வந்தது. நம் பையன்கள் ஆடியது அதைத்தான்.

செகாவின் ‘அவுட் ரன்’ (1986), நாம்கோவின் ‘ரிட்ஜ் ரேசர்’ (1993) போன்ற ஆர்கேட் பந்தயங்களில் கண் எப்போதும் முன்னால்தான் இருக்கும். வளைவும் கடிகாரமும்தான் எதிரி. மற்ற வண்டிகள் வெறும் தடை. ரோட் ராஷ் ஆடுகிறவரைப் பக்கவாட்டில் பார்க்க வைத்தது. எதிராளிக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, வம்பிழுக்கும் வாயும் உண்டு. அவன் உரசிக்கொண்டு வந்து சங்கிலியை ஓங்குகிறான். அந்த நொடியில் சரியாகக் குத்தினால் சங்கிலி நம் கைக்கு மாறிவிடும். அடுத்த அடி அவனுக்கு. அரை நொடி பிந்தினால் நாம்தான் தரையில். எதிரே லாரி வருகிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்தாக வேண்டும். இத்தனை சின்ன இடத்துக்குள் இவ்வளவு முடிவுகளைத் திணித்த பந்தய ஆட்டங்கள் குறைவு.

குறைகளும் சிறியவை அல்ல. ஐந்து நிலைகளிலும் அதே ஐந்து சாலைகள்தான். நீளம் கூடுகிறது, எதிராளிகள் முரடாகிறார்கள். புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை. மூன்றாம் நிலைக்குள் அலுப்பு தட்டிவிடும்.

இன்னொரு குறை, ஆட்டத்தின் கணக்கு வழக்கில் இருக்கிறது. வண்டி நொறுங்கினால் பழுதுபார்க்கப் பணம் போகும், போலீஸ் பிடித்தால் அபராதம். ஆனால் லாரியில் மோதித் தூக்கி எறியப்பட்டவன் எழுந்து ஓடிவந்து வண்டியில் ஏறிக்கொள்வான். இரும்புக்கு இருக்கும் விலை எலும்புக்கு இல்லை. உதைப்பதும் போலீஸை அடிப்பதும் பிள்ளைகளைக் கெடுக்கும் என்பதே வழக்கமான புகார். அது கற்பனை என்று பையனுக்குத் தெரியும். விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்ற நினைப்புத்தான் அவன் அறியாமல் உள்ளே போகக்கூடியது. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் முறையான பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே தோல் உடையும் தலைக்கவசமும் இல்லாமல் யாரும் பைக்கைக் கிளப்ப முடியாது.

தொடர் வீழ்ந்த விதமும் கவனிக்க வேண்டியது. ‘ரோட் ராஷ் 3டி’யில் (1998) சாலைகள் முப்பரிமாணத்துக்கு மாறின, ஓட்டம் முன்னுக்கு வந்து சண்டை பின்னுக்குப் போனது. அதாவது, மற்றவர்கள் ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருந்ததைச் செய்யப் போய், தனக்கே உரியதைக் கைவிட்டது. ‘ஜெயில்பிரேக்’ (2000) சண்டையைத் திரும்பக் கொண்டுவந்தும் பழைய மவுசு வரவில்லை. பிறகு தொடரே நின்றுபோனது. அந்த இடத்தை நிரப்ப, ரசிகர்களிடம் பணம் திரட்டி வேறொரு குழு செய்த ‘ரோட் ரிடெம்ப்ஷன்’ 2017-இல்தான் முழுமையாக வெளியானது.

மொத்தத்தில், ரோட் ராஷ் நல்ல பந்தய ஆட்டம் அல்ல. மிக நல்ல சண்டை ஆட்டம், பைக்கில் ஏறிக்கொண்டது. சாதாரண கணினியிலும் ஓடியது என்பதற்காக மட்டும் இங்கே அது பிழைத்திருக்காது. அதே கணினிகளில் ஓடிய எத்தனையோ ஆட்டங்களின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை. பந்தய ஆட்டம் செய்ய நினைக்கும் நம் ஊர் இளைஞர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பக்கவாட்டுப் பார்வையை. விட்டுவிட வேண்டியது, விழுந்தவனுக்கு வலிக்காது என்ற பொய்யை.