மூச்சை மறைக்கும் முரசு

நரிக்குடி, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த கிராமங்களில் திருவிழாவை ஒட்டி விடிய விடிய நடக்கும் கபடிப் போட்டிகள், கைப்பேசிக் கேமராவின் புண்ணியத்தால், மறுநாள் பொழுது சாய்வதற்குள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. ஆனால் புழுதியோடும் கூச்சலோடும் போகவேண்டிய அந்த ஆட்டங்களில் பல, ஹாலிவுட் படங்களின் முன்னோட்டங்களுக்கென்றே வார்த்தது போன்ற பேரிகை முழக்கத்தையும் எக்காளத்தையும் மேலே போர்த்திக்கொண்டு போவதுதான் இந்த அலசலுக்குக் காரணம்.

எந்தப் படத்துக்கென்றும் இல்லாமல் முன்கூட்டியே இயற்றி வைத்து, உரிமைத்தொகை செலுத்துவோருக்கெல்லாம் வழங்கப்படும் இசையை இழிவாகக் கருதும் அபிப்பிராயம் எனக்கில்லை. பி.பி.சி.யின் விம்பிள்டன் ஒளிபரப்புக்கு முகப்பிசையான கீத் மான்ஸ்ஃபீல்டின் ‘லைட் அண்ட் டியூன்ஃபுல்’, அமெரிக்காவின் ‘மண்டே நைட் ஃபுட்பால்’ நிகழ்ச்சியோடு ஒன்றிப்போன ஜானி பியர்சனின் ‘ஹெவி ஆக்‌ஷன்’ ஆகிய இரண்டுமே லண்டன் கே.பி.எம். நிறுவனத்தின் இசைக் களஞ்சியத்தில் பிறந்தவைதாம். ஆனால் அவை ஆட்டத்துக்கு வாசலைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன. நம்மவர் கோர்க்கும் இசையோ களத்துக்குள்ளேயே இறங்கி எட்டாவது ஆட்டக்காரனாகிவிடுகிறது.

13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமான ஆடுகளத்தில், ஒருவன் ‘கபடி, கபடி’ என்று மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு ஏழு பேருக்கு நடுவே நுழைந்து மீளும் ரைடுக்கு விதி அளிக்கும் அவகாசம் 30 விநாடி. இசைக் களஞ்சியங்களும் ஒரே உருப்படியை 60, 30, 15 விநாடி வடிவங்களில் தருவது வழக்கமாதலால், 30-க்கு 30 பொருந்துகிறதே என்று தொகுப்பாளர் மயங்கிவிடுகிறார். விளம்பரத்துக்கென அளந்து செய்த அந்த 30 விநாடி இசை தன் உச்சத்தைப் பெரும்பாலும் கடைசியில்தான் வைத்திருக்கும். ரைடோ எட்டாவது விநாடியிலேயே முடிந்துபோகலாம். கார்னரில் நிற்பவன் கணுக்காலைப் பற்றி ஆளைக் கீழே சாய்த்து, நடுவர் விசிலும் ஊதிவிட்ட பிறகு எக்காளம் ஆர்ப்பரித்துப் புறப்படுகிறது. புள்ளி ஏதுமின்றித் திரும்பும் வெற்று ரைடுக்கும் அதே ஆர்ப்பாட்டம். அடுத்தடுத்து வெற்று ரைடுகளாக விட்டு எதிரணியின் காலை அளந்துபார்க்கும் சாதுர்யம் ஆட்டத்தின் நுட்பங்களில் ஒன்றென்பதை அந்த முரசு அறியாது.

ஆகவே இசையைத் தேர்ந்தெடுப்பவர், அது கேட்க இனிமையாக இருக்கிறதா என்பதைக் காட்டிலும், ஆட்டக்காரனின் பாட்டு அதனூடே காதில் விழுகிறதா என்பதையே பிரதானமாகப் பரீட்சிக்கவேண்டும். மனிதக் குரல் உலவும் நடு ஸ்தாயியில்தான் வயலின்களும் எக்காளங்களும் வந்து நெரிக்கின்றன என்பதால், மெட்டை நீக்கித் தாளத்தை மட்டும் தனியே தரும் வடிவத்தை எடுத்துக்கொள்வது விவேகம். சுசீந்திரனின் ‘வெண்ணிலா கபடி குழு’வுக்கு (2009) இசையமைத்தவர் கஞ்சிரா வித்வான் வி. செல்வகணேஷ் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அதற்காகச் சினிமாப் பின்னணி இசையையே வெட்டி ஒட்டுவது, காப்புரிமைக் கோரிக்கையை வீட்டுக்கு அழைக்கிற காரியம்.

நான் ஒப்புக்கொள்ளும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. புரோ கபடி விதிப்படி, தொடர்ந்து இரண்டு ரைடுகள் வெற்றாகப் போனபின் வரும் மூன்றாவதில் புள்ளி எடுக்காவிட்டால் ரைடர் அவுட். அங்கே மெட்டில்லாத தாழ்ந்த ஸ்வரம் ஒன்றை மெல்லிய இழையாக ஓடவிடலாம். அதையும் அவன் நடுக்கோட்டைத் தொடும்போதோ, தொடமுடியாமல் மண்ணில் விழும்போதோ சட்டென நிறுத்திவிட்டு, விசிலையும் கூட்டத்தின் இரைச்சலையும் உள்ளபடியே கேட்கவிடுவதுதான் உத்தமம்.