ஊவா மலைக் காற்றின் ருசி

ஊவாத் தேயிலையில் ஊற்றிய பிளேன்டீயை அவசரமில்லாமல் குடித்துப் பாருங்கள். இலங்கையின் மலையும் காற்றும் நாக்கில் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, முகடு தாண்டி பதுளை, அப்புத்தளைப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்று படும் செடிகள் மெதுவாகத் துளிர்க்கின்றன. கொழுந்தில் மணம் செறிகிறது.

அந்த மணத்தைக் காப்பாற்றிக் கொடுப்பவை கைகள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, நசுங்காமல் பட்டென்று கிள்ளி முதுகுக் கூடைக்குள் போடும் மலையகப் பெண்களின் விரல்களுக்கு முற்றல் எது, இளசு எது என்று தொட்டதுமே தெரிந்துவிடுகிறது. தொழிற்சாலையிலோ, பிடித்தால் உடையாமல் துவளும்வரை கொழுந்தை வாடவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் உருட்டுவதும் உலர்த்துவதும். கோப்பையில் செம்பொன் நிறம்; முதல் மிடறில் சுறுசுறுப்பான துவர்ப்பு, அது அடங்கும்போது தொண்டையில் புதினாவின் குளிர்ச்சி. பால் சேர்த்தால் அந்தக் குளிர்ச்சி அமுங்கிவிடும். ஒருமுறையாவது வெறும் சாயமாகவே குடியுங்கள்.